எல்லா அறையிலும் அம்மா

அந்த ஊரில் ஸ்பீக்கரக்காவின் பேச்சைக் கேட்காமல் யாரும் ஒரு பொழுதை ஓட்டிவிட முடியாது. பேருந்தில் ஏறினால் "அடுத்த நிறுத்தம்" என்று ஆரம்பிப்பாள். வங்கியில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் உங்கள் எண்ணைக் கூப்பிட்டு எந்தச் சன்னலுக்குப் போக வேண்டும் என்பாள். பெரிய கட்டடங்களின் லிஃப்டுக்குள் "கதவுகள் மூடுகின்றன, விலகி நில்லுங்கள்" என்பாள். நீங்கள் அழைக்கும் நபர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்று கொஞ்சமும் வருத்தமில்லாமல் சொல்வதும் அவள்தான். இத்தனை பேசியும் ஆள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. மூலைக்கடைக்காரர் அவளை வரிசையில் பின்னால் போய் நிற்கச் சொல்லுவார். அவர் கடை வாசலில் உள்ளே நுழைகிறவர்களை எல்லாம் "வாங்க, வாங்க" என்று வரவேற்கும் பெட்டிக்குள் இருப்பதும் அவள் குரல்தான் என்பது அந்த மனுஷருக்கு இன்றுவரை தெரியாது.

ஸ்பீக்கரக்கா என்று பெயர் வைத்தது அவள் குடியிருந்த அடுக்குமாடிக்காரர்கள். அவளும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வாள்.

அவள் குரலில் இனிமை இருந்தது என்று சொல்லமாட்டேன். இனிமையான குரல்கள் கடைத்தெருவில் மலிந்து கிடக்கின்றன. அவள் குரலில் இருந்தது சமம். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒலிப்பதிவுக்கூடத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் சவுண்டுத் தம்பி சொல்லுவான்: "அக்கா, நீங்க போன வருஷம் பேசினதையும் இன்னைக்குப் பேசினதையும் வெட்டி ஒட்டினா ஒட்டு எங்கேன்னு எனக்கே தெரியல." அந்தத் தொழிலில் இதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. ஊர்ப் பெயரை ஒருநாள் சொல்லுவாள், எண்களை இன்னொருநாள் சொல்லுவாள், யாரோ அவற்றைக் கோர்த்து வாக்கியமாக்குவார்கள். அவள் வாயால் முழுதாகச் சொல்லாத எத்தனையோ வாக்கியங்கள் ஊரெல்லாம் அவள் குரலில் உலவின.

அந்தச் சமம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அப்பா வீட்டிலிருந்து வந்தது. அவள் அப்பா கத்துகிற மனுஷர். கரண்டி விழுந்தால் கத்துவார், விழாவிட்டால் ஏன் இத்தனை அமைதி என்று கத்துவார். "எத்தனை தடவை சொன்னாலும் உனக்கு உறைக்காதா? உன்னாலதான் வீடே இப்படி ஆயிடுச்சு!" இதுதான் அவர் காலையும் மாலையும் சொன்னது. சிறுமியாக இருந்தபோதே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். தான் ஒருநாளும் குரலை உயர்த்தப்போவதில்லை, அவ்வளவுதான். அந்த முடிவை அவள் கடைசிவரை மீறவில்லை. இந்தக் கதையில் வந்த வினை அத்தனையும் அதனால்தான் வந்தது.

கட்டிக்கொண்ட கணவர் குளிர்கிடங்கில் வேலை பார்ப்பவர். உறைந்த மீனும் பட்டாணியும் நிறைந்த பெட்டிகளை இரவு முழுக்க அடுக்கிவிட்டு, விரலெல்லாம் மரத்துப்போய் விடிந்ததும் வீடு வருவார். சன்னல்களுக்கெல்லாம் கனத்த கறுப்புத் திரை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தாரென்றால் எழுந்திருக்கச் சாயங்காலம் ஆகிவிடும். ஆகவே அந்த வீட்டில் பகலென்பதே கிடையாது. எல்லோரும் நுனிக்காலில் நடந்தார்கள், பாத்திரத்தைத் துணியில் சுற்றி இறக்கினார்கள், இருமல் வந்தால் குளியலறைக்குள் போய் இருமினார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில் வந்து பிறந்தது ஒரு பம்பரம்.

பெயரே அதுதான் ஆகிப்போனது. ஒரே பெண். கால் தரையில் பாவாது. சோற்றை ஒரு வாய் வாங்கிக்கொண்டு மேசையை ஒரு சுற்றுச் சுற்றி அடுத்த வாய்க்கு வருவாள். கணக்கில் முதல் வரியைப் போட்டுவிட்டு இரண்டாவது வரிக்குள் மின்விசிறிக்கு எத்தனை இறக்கை என்று பார்க்கப் போய்விடுவாள். சின்ன வயதில் லிஃப்டில் ஏறும்போதெல்லாம், "எங்கம்மா உள்ள இருக்காங்க!" என்று பக்கத்திலிருப்பவர்களிடம் பெருமையாகச் சொல்லுவாள். பள்ளியில் சேர்த்த பிறகு புகார்மேல் புகார். அடக்கமில்லாத பிள்ளை என்றார்கள், வளர்ப்புச் சரியில்லை என்று ஜாடையாகவும் சொன்னார்கள். கடைசியில் வகுப்பு டீச்சர்தான் நல்ல புத்தியாக ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டச் சொன்னார்.

டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார், பலமுறை வரவழைத்துப் பார்த்தார். கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த நிலை, பிள்ளையின் கொழுப்போ பெற்றவர்களின் குற்றமோ இல்லை என்று விளக்கினார். காலையில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: "மாத்திரை பாதிதாம்மா. வீட்டுல ஒரு ஒழுங்கு வேணும். ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லாம, ஒரே மாதிரி, சின்னச் சின்ன வார்த்தையில, அமைதியான குரல்ல சொல்லணும். ஒரு நாள் சொல்லி ஒரு நாள் விடக் கூடாது."

வேறு எந்தத் தாயாக இருந்தாலும், சரி, நாம் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று புரிந்துகொண்டு போயிருப்பாள். ஸ்பீக்கரக்காவின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. ஒரே மாதிரி, சின்ன வார்த்தை, அமைதியான குரல், ஒருநாளும் விடக்கூடாது. இந்த ஊரிலேயே இதைச் செய்யத் தகுதியான ஆள் தான் ஒருத்திதான் என்று அவளுக்குத் தோன்றியது. பம்பரம் பள்ளி விட்டு வரும்போது அவள் ஒலிப்பதிவுக்கூடத்தில் இருப்பாள். அதனால் என்ன, குரல் வீட்டில் இருக்கலாமே.

கடைவாசல் பெட்டிகளைச் செய்யும் நிறுவனம் மாதிரிக்குக் கொடுத்தவை ஒலிப்பதிவுக்கூடத்தின் மூலையில் தூசி படிந்து கிடந்தன. கைக்குள் அடங்கும் பெட்டி, முன்னால் ஒரு சின்னக் கண். எதிரே ஏதாவது அசைந்தால் பேசும். சவுண்டுத் தம்பியிடம் சொல்லி அவற்றில் "வாங்க, வாங்க"வை அழித்துவிட்டு, வேலை முடிந்தபின் ஒலிவாங்கிமுன் உட்கார்ந்து தன் மகளுக்காகப் பேசினாள். அப்பா தூங்குகிற வீடல்லவா, கிசுகிசுப்புக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு குரலில் பேசினாள்.

வாசல் பெட்டி, "வந்துட்டியா கண்ணு. செருப்பை ஓரமா விடு. பையை ஆணியில மாட்டு" என்றது. சமையலறைப் பெட்டி, "பால் குடி. டம்ளரைத் தொட்டியில போடு" என்றது. குளியலறையில் "கை கால் கழுவு. குழாயை மூடு." கூடத்தில் "உட்காரு. ஒரு வேலையை முடிச்சுட்டு அடுத்த வேலை." ஒவ்வொன்றின் முடிவிலும், "மெதுவா. அப்பா தூங்குறாங்க."

காலையில் கிளம்பும்போது பெட்டிகளுக்கான சுவிட்சைப் போட்டுவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாக அணைத்துவிடுவாள். நான்தான் வந்துவிட்டேனே, இனி அது எதற்கு என்பது அவள் கணக்கு. ஆகவே தான் செய்துவைத்த வீட்டில் அவள் ஒருநாளும் இருந்ததில்லை.

முதல் சில நாட்கள் பிரமாதம். பம்பரத்துக்கு அது விளையாட்டு. வாசல் சொன்னால் செருப்பு, அடுக்களை சொன்னால் பால். டீச்சரும் போன் செய்தார். பிள்ளை முதன்முறையாக ஒரு படத்தை முழுதாக வண்ணம் தீட்டி முடித்தாளாம், முடித்ததைப் பார்த்து அவளே ஆச்சரியப்பட்டாளாம். ஸ்பீக்கரக்கா போனை வைத்துவிட்டு ஒலிப்பதிவு அறையின் பஞ்சுச் சுவரில் தலையைச் சாய்த்து அழுதாள். மாத்திரையில் குறையே இல்லை என்று தெரிந்துவிட்டது. தன் குழந்தையின் மேலும் குறை இல்லை.

அப்புறம்தான் அந்த விசித்திரம். பள்ளியில் நாளுக்கு நாள் நல்ல பெயர். வீட்டிலோ தலைகீழ். சாயங்காலம் அவள் வரும்போது செருப்பு ஒன்று அடுக்களையில் கிடக்கும், வீட்டுப்பாடத் தாள்கள் தரையெல்லாம் பறக்கும், பால் ஆடை கட்டிப்போய் அப்படியே இருக்கும். பம்பரம் கண்கள் சிவந்து, நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டு, யாராவது தொட்டால் துள்ளி விழுந்தாள். அதே பிள்ளை, அதே மாத்திரை, கட்டடம் மட்டும் வேறு.

டாக்டரம்மா கேட்டார்: "வீடு எப்படிம்மா? சத்தம், டிவி, சண்டை ஏதாவது?"

"ஐயோ, இல்லவே இல்ல டாக்டர். எங்க வீட்டுல குண்டூசி விழுந்தாலும் கேக்கும். நீங்க சொன்னதை ஒண்ணு விடாம செய்யுறேன்." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை வழிந்தது.

அப்படியென்றால் மாத்திரையின் வேலை சாயங்காலம்வரை நிற்கவில்லை போலும் என்று டாக்டரம்மா நினைத்ததில் தப்பில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் பள்ளியிலேயே கொடுக்கும்படி இன்னொரு சிறு மாத்திரையைச் சேர்த்தார். பலன் வீட்டுக்கு வரவில்லை. சோறுதான் போனது, பிறகு தூக்கமும் போனது. கன்னம் ஒட்டி, முழங்கை துருத்திக்கொண்டு, சட்டை தோளில் தொங்கியது. எடைக்கருவியில் நிற்கவைத்துப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. "அடுத்த தடவை வரும்போது முடிவு பண்ணணும்மா. ஒண்ணு அளவைக் கூட்டணும், இல்லன்னா மருந்தையே மாத்தணும். ரெண்டுமே சுலபம் இல்ல."

கூட்டினால் பிள்ளை இன்னும் கரைவாள். மாற்றினால் பள்ளியில் வண்ணம் தீட்டி முடித்த அந்தக் குழந்தை மறுபடி காணாமல் போவாள். 

அந்த நாட்களில்தான் கீழ்வீட்டுப் பெண் மாடிப்படியில் அவளை நிறுத்திக் கேட்டாள்: "என்னக்கா, இப்பல்லாம் பகல்ல வீட்டுலயே இருக்கீங்க போல?"

"இல்லையே, வேலைக்குத்தானே போறேன். ஏன்?"

"மேல உங்க பேச்சு கேட்டுக்கிட்டே இருக்கே." பெட்டிகளைப் பற்றி ஸ்பீக்கரக்கா சொன்னதும் கீழ்வீட்டுப் பெண் சிரித்தாள். சிரித்துவிட்டு, கீழே இறங்கப் போனவள் நின்றாள். "ஆனா நேத்து என்னக்கா, பிள்ளையை அப்படித் திட்டினீங்க? சத்தம் போடல, சரிதான். இருந்தாலும் கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு."

பெட்டிகளில் திட்டு எதுவும் கிடையாது. கீழ்வீட்டுக்காரிக்குக் காது சரியில்லை என்று ஸ்பீக்கரக்கா நினைத்துக்கொண்டாள்.

கணவரும் ஒருநாள் தேநீர் குடித்தபடி சொன்னார்: "நீ ஏன் பகல்ல வந்து என்னை எழுப்புறே?"

"நான் எங்கங்க வந்தேன்?"

"தலைமாட்டுல நின்னு, 'எழுந்திருங்க, எத்தனை தடவை சொல்றது'ன்னு சொன்னே. உன் குரல்தான். பஞ்சையும் மீறிக் கேட்டுச்சு. கண்ணைத் திறந்தா பாப்பா நிக்குறா. வாயைத் திறக்கல, என்னையே பார்த்துக்கிட்டு நிக்குறா." அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "கனவுதான். ஆனா அப்புறம் தூக்கம் வரல."

 குளிரில் கிடந்துவிட்டு வருகிற மனுஷர், கண்டதும் கனவில் வரும் என்று அதையும் ஒதுக்கினாள். எதையும் ஒதுக்கி வைத்துவிட்டு அமைதியாக இருப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒலிவாங்கிமுன் உட்கார்ந்து வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. "அக்கா, வீட்டுக்குப் போய் வெந்நீர் குடிச்சுட்டுப் படுங்க. இந்தக் குரல்ல பேசினா பஸ்ல இருக்குறவங்க இறங்கி ஓடிடுவாங்க" என்று சவுண்டுத் தம்பி அவளை அனுப்பிவைத்தான். திருமணமான நாளாக அவள் வேலைநாளில் பிற்பகல் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

வெளியே வெயில் கொளுத்தியது. கதவைத் திறந்தால் உள்ளே இருட்டு. ஒரு காலை எடுத்து வைத்தாள்.

"வந்துட்டியா கண்ணு" என்றது இருட்டு.

ஊரெல்லாம் கேட்கிற குரல்தான், பெட்டியை மாட்டியவளும் அவள்தான். இருந்தும் திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். செருப்பை ஓரமா விடு என்றது. விட்டாள். பையை மாட்டக் கையைத் தூக்கினாள். அந்த அசைவைப் பார்த்துப் பெட்டி மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. "வந்துட்டியா கண்ணு." தோளைச் சொறிந்தாள். "வந்துட்டியா கண்ணு." கூடத்துக்குள் ஓடினாள், அங்கே இன்னொன்று பிடித்துக்கொண்டது. "உட்காரு." உட்காரக் குனிந்தாள். "உட்காரு." முகத்தைத் துடைத்தாள். "உட்காரு. ஒரு வேலையை முடிச்சுட்டு அடுத்த வேலை. மெதுவா." சமையலறைத் திரை மின்விசிறிக் காற்றில் ஆடி அங்கிருந்த பெட்டியைக் கிளப்பியது. குளியலறையில் தொங்கிய துண்டு அசைந்து அதையும் கிளப்பியது. யாருமில்லாத அறைகளில் அவள் ஒருத்தியே நான்கு பேராக, முன்னும் பின்னுமாக, கொஞ்சமும் கோபமில்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். பால் குடி, கை கால் கழுவு, உட்காரு, வந்துட்டியா. அசைந்தால் பேசும் பெட்டியை, ஒரு கணமும் அசையாமல் இருக்க முடியாத குழந்தைக்கு மாட்டிவைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பள்ளி முடிந்து வருகிற நேரத்திலிருந்து தான் வந்து சுவிட்சை அணைக்கும்வரை, ஒவ்வொரு நாளும், இதற்குள் அந்தப் பிள்ளை இருந்திருக்கிறாள்.

"பம்பரம்" என்று கூப்பிட்டாள். தொண்டையிலிருந்து காற்று வந்தது. பள்ளிப்பை வாசலில் வாய்பிளந்து கிடந்தது, செருப்பில் ஒன்று கூடத்து நடுவில் கிடந்தது. பிள்ளையைக் காணோம்.

அப்போது ஐந்தாவது குரல் கேட்டது.

உள்ளறைப் பக்கமிருந்து வந்தது. அங்கே அவள் பெட்டி எதையும் வைக்கவில்லை. அதே குரல், அதே சமம், ஓர் எழுத்துக்கூட ஏறவில்லை. "எத்தனை தடவை சொன்னாலும் உனக்கு உறைக்காதா. உன்னாலதான் வீடே இப்படி ஆயிடுச்சு. மெதுவா. அப்பா தூங்குறாங்க."

 அது அவள் அப்பாவின் வார்த்தை. அவர் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எந்தப் பெட்டிக்குள்ளும் அவள் அதைச் சொல்லவில்லை, உயிரே போனாலும் சொல்லமாட்டாள். அந்தக் குரல் துணி அலமாரிக்குள்ளிருந்து வந்தது.

கதவை இழுத்துத் திறந்தாள். மடித்து வைத்த துணிகளுக்கு நடுவே, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தொடையில் வீட்டுப்பாட நோட்டோடு பம்பரம் உட்கார்ந்திருந்தாள். கதவிடுக்கிலிருந்து விழுந்த மெல்லிய வெளிச்சத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதி முடித்திருந்தாள். அடித்தல் திருத்தல் இல்லை, வரி கோணவில்லை. அம்மாவைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தாள்.

"அசையாதம்மா. அசைஞ்சா அவங்க பேசுவாங்க."

"யாருடி?"

"நீதான்."

 பிள்ளை சாதாரணமாக, பள்ளியில் நடந்ததைச் சொல்வதைப்போல, தன் சொந்தக் குரலில் சொன்னாள்: "இங்க மட்டும் அவங்களுக்குத் தெரியாது. அதான் எழுத முடியுது. நீ ஏன் இப்படிப் பேசுறே? உன் குரல் எங்க?"

"தொண்டை கட்டியிருக்கு." அவள் தரையில் உட்கார்ந்தாள். "இப்ப நீ பேசினியே கண்ணு, அது யாரு சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லிக் கொடுக்கல. அது பெட்டியில இல்லாதது. சாப்பிடும்போது சொல்லுவியே, ஷூ கட்டும்போது, தலை வாரும்போது."

"நான் உன்னைத் திட்டினதே இல்லையேடி!"

"திட்டமாட்டே" என்று பம்பரம் ஒப்புக்கொண்டாள். "மெதுவா சொல்லுவே."

இத்தனை வருஷமும் கத்தியதில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டாள். அப்பாவிடமிருந்து சத்தத்தை மட்டும்தான் அவள் விட்டுவிட்டு வந்திருந்தாள். வார்த்தையை அப்படியே வாயில் வைத்துக்கொண்டு வந்து, தலை வாரிப் பின்னும்போதும் சோறு பிசையும்போதும், அறிவிப்புச் சொல்கிற குரலில் அதைச் சொல்லியிருக்கிறாள். சொன்னது அவள் காதுக்கே திட்டாகப் படவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. பிள்ளையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். எலும்புதான் கைக்குத் தட்டுப்பட்டது.

எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தாள். வீடு சட்டென்று ஓய்ந்தது.

படுக்கையறைக் கதவு திறந்தது. பஞ்சை அடைத்துக்கொண்டு இத்தனை நாள் எல்லாவற்றுக்கும் தூங்கிய மனுஷர், வெலவெலத்துப் போய் நின்றார். "என்ன ஆச்சு? ஏன் சத்தமே இல்ல?"

பம்பரம் கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். உட்காரவில்லை. பெட்டி இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உக்காரட்டுமா?" என்று அந்த மூலையைக் கேட்டாள்.

அன்றே பெட்டிகளை எல்லாம் கழற்றினார்கள். கூடத்துச் சன்னலின் கறுப்புத் திரையைக் கணவரே பிய்த்தெடுத்தார். படுக்கையறை இருட்டாக இருந்தால் போதும், தூங்குகிறவனுக்கு வீடு முழுக்க எதற்கு இருட்டு என்றார். ஸ்பீக்கரக்கா ஒலிப்பதிவைக் காலை வேளைக்கு மாற்றிக்கொண்டு, பள்ளி விடும்முன் வீடு வந்தாள். இனி எல்லாம் சுகம் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. முதல் நாட்களில் பிள்ளை வாசற்படியில் நின்றுகொண்டு, யாரோ சொல்லட்டும் என்று காத்திருந்தாள். ஸ்பீக்கரக்காவுக்கோ அப்பாவின் அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்து வந்து போயிற்று. சில நாள் விழுங்கினாள், சில நாள் வெளியே வந்துவிட்டது. வந்தபோது, "இப்ப சொன்னது தப்பு கண்ணு" என்று அதையும் சொன்னாள். அது அவள் எந்த ஒலிவாங்கிமுன்னும் பட்டிராத கஷ்டம்.

ஒரு சாயங்காலம் பம்பரம் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். காலை ஆட்டிக்கொண்டேதான் போட்டாள், பாட்டுப் பாடிக்கொண்டேதான் போட்டாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. போட்டு முடித்துவிட்டு, பசிக்கிறது என்றாள்.

டாக்டரம்மாவிடம் ஸ்பீக்கரக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பெட்டி, திரை, அலமாரி, அப்பாவின் வார்த்தை, ஒன்றும் மறைக்கவில்லை. இன்னும் முழுதாகத் திரும்பாத கரகரத்த குரலில் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.  "வீட்டுல சத்தம் இருக்கான்னுதான் நான் கேட்டேன். அந்த அமைதி எப்படிப்பட்டதுன்னு கேட்டிருக்கணும்" என்றார். பிறகு விளக்கினார்: "மாத்திரை ஒரு வேலையில நிக்கிறதுக்குத் தெம்பு கொடுக்கும்மா. நிக்கிற பிள்ளையை வீடு தள்ளிக்கிட்டே இருந்தா, மாத்திரை வேலை செய்யலன்னுதான் நமக்குத் தோணும். அலமாரிக்குள்ள அவ எழுதினா பாருங்க, அங்க மாத்திரை வேலை செஞ்சிருக்கு."

அளவைக் கூட்டவில்லை. மதிய மாத்திரையை நிறுத்தினார். காலை மாத்திரை தொடரட்டும், எடையை மறுபடி பார்க்கலாம் என்றார். எடைக்கருவி அன்றைக்கே கொஞ்சம் இரக்கம் காட்டியிருந்தது. ஸ்பீக்கரக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நெஞ்சிலிருந்து பெரிய கல்லை இறக்கி வைத்தாற்போல இருந்தது.

லிஃப்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். மேலிருந்து அந்தக் குரல் வந்தது.

"கதவுகள் மூடுகின்றன. விலகி நில்லுங்கள்."

பம்பரத்தின் கை அவள் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போயிற்று. பிள்ளை பின்னால் நகர்ந்து, சுவரில் முதுகை ஒட்டி, இரண்டு கைகளையும் விறைப்பாக வைத்துக்கொண்டு அம்மாவிடமிருந்து விலகி நின்றாள்.

"வா கண்ணு" என்றாள் ஸ்பீக்கரக்கா.

பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. வரலாமா என்று கேட்பதைப்போலப் பொத்தான்களுக்கு மேலே குரல் வரும் துளைகளைப் பார்த்தாள்.

ஸ்பீக்கரக்காவுக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ, உள்ளங்கையை ஓங்கி அந்தத் துளைகள்மேல் வைத்து அழுத்தினாள். லிஃப்டு இறங்கியது. "தரைத்தளம்" என்று அவள் கைக்குள்ளேயே அவள் குரல் அதிர்ந்தது.

பம்பரம் களுக்கென்று சிரித்தாள். "அம்மா, உன் வாயை நீயே பொத்துறே!"

"பொத்தினாலும் பேசுறாளேடி, நான் என்ன பண்ண?"

"அசையாம இரு" என்று பம்பரம் யோசனை சொன்னாள். அருகில் வந்து அம்மாவின் மறுகையைப் பிடித்துக்கொண்டாள். "அசையாம இருந்தா அவங்களே நிறுத்திடுவாங்க."

கதவு திறந்தது. வெளியே காத்திருந்தவர்கள், ஒரு கையால் சுவரைப் பொத்திக்கொண்டு நிற்கும் பெண்ணையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தையையும் பார்த்து உள்ளே வரத் தயங்கினார்கள். இருவரும் அசையவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு அது மறுபடி, கொஞ்சமும் கோபமில்லாமல், கதவுகள் மூடுகின்றன, விலகி நில்லுங்கள் என்றது. இந்தத் தடவை பம்பரம் கையை விடவில்லை.